உறைநிலப் படிப்பு: ட்ரொன்ஹெய்மா, சப்போரோவா, ஃபேர்பேங்க்ஸா?

மலேசியாவின் பேரா மாநிலத்தில் தெலுக் இந்தான், ஹுத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போய்ப் பொறியியலோ புவியியலோ படித்து முடித்தவர்களிடம் உறைநில ஆய்வு, அதாவது ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண்ணைப் பற்றிய ஆய்வு என்று சொன்னால், "நமக்கும் பனிக்கும் என்ன ஒட்டு?" என்றுதான் கேட்கிறார்கள். ஒட்டு இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம். முதலில் பணம். ஒரே ஆய்வை ஓரிடத்தில் மாதச் சம்பளம் வாங்கும் ஊழியராகச் செய்யலாம், இன்னோரிடத்தில் உபகாரச் சம்பள மாணவராகச் செய்யலாம், மூன்றாமிடத்தில் ஒரு பேராசிரியரின் ஆய்வு நிதியை நம்பிச் செய்யலாம். எங்கே குளிர் அதிகம் என்று பார்ப்பதைவிட, யார் எந்தப் பெயரில் பணம் தருகிறார்கள் என்று பார்ப்பதே முக்கியம்.

நார்வேயில் முனைவர் பட்டம் ஒரு வேலை. விளம்பரம் ஜாப்நோர்கே என்ற இணையதளத்தில் வரும். 3 ஆண்டு ஒப்பந்தம், பாடம் நடத்தும் கடமையும் சேர்ந்தால் 4 ஆண்டு. வரிக்கு முந்திய சம்பளம் ஆண்டுக்கு 5 லட்சம் குரோனருக்கு மேல். கல்விக் கட்டணம் கிடையாது. ட்ரொன்ஹெய்மில் உள்ள என்.டி.என்.யு. பல்கலைக்கழகம் கடற்பனி, உறைமண் இரண்டிலும் பேர் பெற்றது. சிக்கல் முதுநிலையில்தான். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2023 முதல் கட்டணம் வந்துவிட்டதால், கைப்பணத்தில் முதுநிலை படிக்க நார்வேக்குப் போவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. முதுநிலையை வேறெங்காவது முடித்துவிட்டு, முனைவர் ஆய்வுக்கு அங்கே போவதே புத்திசாலித்தனம்.

விண்ணப்பங்கள் அங்கே பெரும்பாலும் அற்பக் காரணங்களால்தான் விழுகின்றன. இது வேலை விண்ணப்பம் என்பதால் விளம்பரம் கேட்ட ஆவணத்தில் ஒன்று குறைந்தாலும் மதிப்பீட்டுக் குழுவின் மேசைக்கே போகாமல் நின்றுவிடலாம். மதிப்பெண் பட்டியலோடு தர அளவை விளக்கும் பக்கத்தையும் சேருங்கள், 4.00க்கு 3.4 என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆய்வேடு மட்டும் எழுதி, பாடமே எடுக்காமல் முதுநிலை முடித்தவர்கள், அது தங்கள் விதிப்படி முழு முதுநிலையாக எண்ணப்படுமா என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், 78 பாகை வட அட்சரேகையில், லாங்இயர்பைன் ஊரில் 1993இல் தொடங்கிய யுனிஸ் மையத்தைப் பற்றிப் பலர் விசாரிக்கிறார்கள். அது தானாகப் பட்டம் தருவதில்லை, வேறொரு பல்கலைக்கழகத்தில் பதிந்திருப்பவர்களுக்குத்தான் பாடம். பனிக்கரடி நடமாடும் இடம் என்பதால் துப்பாக்கிப் பயிற்சியும் பாதுகாப்புப் பயிற்சியில் அடக்கம். வீட்டில் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

முதுநிலைக்கு எங்கள் முதல் தேர்வு ஜப்பானின் சப்போரோ. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் தாழ்வெப்ப அறிவியல் ஆய்வகம் 1941இல் தோன்றியது. அதற்கு முன்பே, 1936இல், உகிச்சிரோ நகாயா அதே பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை உருவாக்கிவிட்டார். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உபகாரச் சம்பளம் கிடைத்தால் கட்டணம் இல்லை, விமானச் சீட்டும் உண்டு. முதுநிலையில் கைக்கு மாதம் சுமார் 144,000 யென் வரும். வயது 35க்குள் இருக்க வேண்டும். கோலாலம்பூர்த் தூதரகம் வழியாக விண்ணப்பிப்பது ஒரு வழி, பல்கலைக்கழகமே பரிந்துரைப்பது இன்னொரு வழி. தூதரக அறிவிப்பு வழக்கமாக ஆண்டின் முற்பாதியில் வரும். அதைப் பார்த்த பிறகு பேராசிரியரைத் தேடத் தொடங்கினால் நேரம் போதாது.

பல்கலைக்கழக வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. மதிப்பெண்ணை 3.00 அளவுக்கு மாற்றி, 2.30க்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு பாடத்தின் தரத்தையும் தனித்தனியாக மாற்றிக் கூட்டுவதால், மொத்தச் சராசரியை வைத்து நீங்கள் போட்ட கணக்கும் அவர்கள் போடும் கணக்கும் ஒத்துப்போகாது. முன்கூட்டியே பாடவாரியாகப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று: முதலில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தாலும், முதுநிலைக்குள் நுழையத் தனியாக நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். உபகாரச் சம்பளம் கிடைத்ததாலேயே இடமும் கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

கள ஆய்வுக்கு அமெரிக்காவின் அலாஸ்காவில் உள்ள ஃபேர்பேங்க்ஸை மிஞ்ச ஊரில்லை. வாசலைத் தாண்டினாலே நிரந்தர உறைநிலம். பக்கத்து ஃபாக்ஸ் ஊரில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் உறைமண்ணுக்குள் குடைந்த ஆய்வுச் சுரங்கம் இருக்கிறது. 1977இல் எண்ணெய் பாயத் தொடங்கிய அலாஸ்கா குழாய்த்தடம் சுமார் 1,288 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் தூண்களின் மீது ஓடுகிறது. சூடான எண்ணெய் உறைமண்ணை இளக்கிவிடக் கூடாது என்பதற்காகவே உயர்த்தினார்கள், மண்ணின் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கடத்தும் வெப்பக்குழாய்களையும் தூண்களில் பதித்தார்கள். ஆனால் பணம் பேராசிரியரின் ஆய்வு நிதியைச் சார்ந்தது. கட்டண விலக்கும் உதவித்தொகையும் எத்தனை ஆண்டுக்கு, கோடை மாதங்களுக்கும் சேர்த்தா, மருத்துவக் காப்புறுதி யார் பொறுப்பு: இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் கிளம்ப வேண்டாம். பருவம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய மாணவர் விசா இடம் தராது, பற்றாக்குறையைப் பகுதிநேர வேலையில் ஈடுகட்டலாம் என்ற கணக்கும் அங்கே எடுபடாது. நியூ ஹாம்ஷயரில் உள்ள ராணுவக் குளிர்நில ஆய்வகமான கிரெலின் நிரந்தர வேலைகள் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களுக்கே என்பதால், அதை இலக்காக வைத்து அமெரிக்கா போவதில் பொருளில்லை.

நாட்டைவிட்டுப் போக முடியாதவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தின் தேசிய அண்டார்க்டிக் ஆய்வு மையம் உண்டு. அண்டார்க்டிக் ஆய்வுக்கான சுல்தான் மீசான் அறநிறுவனம் ஆய்வு நிதி வழங்குகிறது. மலேசியாவுக்கு அண்டார்க்டிகாவில் சொந்த நிலையம் இல்லை, பிற நாடுகளின் தளங்களையும் கப்பல்களையும் நம்பித்தான் போக வேண்டும். நுண்ணுயிரியல், வளிமண்டலம் படிப்பவர்களுக்கு நல்ல வழி. அடித்தளப் பொறியியல் படிப்பவர்களுக்கு அங்கே தீனி குறைவு.

இப்போது அந்த ஒட்டு. கீழ்ப் பேராவின் தாழ்நிலம் நம்பத்தகாதது, 1885இல் கட்டிய தெலுக் இந்தான் மணிக்கூண்டு சாய்ந்து நிற்பதே சாட்சி. கரிச்சதுப்பு மண்ணில், அதாவது தாவரங்கள் நீரில் முழுதாக மக்காமல் சேர்ந்த மண்ணில், செம்பனை போட்ட தோட்டங்களில் வாய்க்கால் நீர்மட்டத்தை 40 முதல் 60 செ.மீ. ஆழத்தில் நிறுத்தப் பாடுபடுவது ஏன்? நீர் இறங்கினால் மண் அமுங்கும், அதிலுள்ள கரிமம் சிதைந்து வாயுவாகும். வடக்கில் பனி உருகும்போதும் நிலம் அமுங்குகிறது, அடைபட்டிருந்த கரிமம் வெளியேறுகிறது. காரணம் வேறு, ஆனால் கருவிகளில் பல ஒன்றே: அமுக்கத் தகடு, நீரழுத்தமானி, வாயு ஓட்டத்தை அளக்கும் கோபுரம். கரிச்சதுப்பில் இறுதியாண்டு ஆய்வு செய்தவர் அதை விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் புதைத்துவிட்டு, "எனக்குப் பனி மீது சிறு வயதிலிருந்தே ஆர்வம்" என்று தொடங்குவது வீண். எந்த மண், எத்தனை மாதிரி, எந்தச் சோதனை, என்ன பிழை வந்தது என்று முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். அந்தப் பேராசிரியரின் கட்டுரையில் ஒரு வரைபடத்தைக் குறிப்பிட்டு, அதையொட்டி ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும் வாய்ப்பு கூடும்.

எல்லா நாட்டுக்கும் பொதுவான தலைவலி நம் பெயர். கடவுச்சீட்டில் இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி இருக்கும், பல இணையப் படிவங்கள் சாய்கோட்டை ஏற்காது, குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் நகரவே நகராது. ஒரு படிவத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவும் இன்னொன்றில் முழுப் பெயரை ஒரே கட்டத்திலும் போட்டால், விசாவின்போது பட்டச் சான்றிதழும் அனுமதிக் கடிதமும் வெவ்வேறு ஆளுடையவை போலத் தெரியும். கடவுச்சீட்டின் அடியில் உள்ள இயந்திரம் படிக்கும் வரிகளைப் பாருங்கள், முதல் படிவத்திலிருந்தே அதன்படி எழுதுங்கள். பழைய சான்றிதழில் பெயர் வேறுமாதிரி இருந்தால், இரண்டும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கெடு டிசம்பர், ஜனவரி வாக்கில் முடிவதால், இந்த வேலையைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுவது நல்லது.