மண்டப புக்கிங்: விதியை புரோகிராமில் எழுதுவதா, டேட்டாபேஸில் போடுவதா?

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். டேபிள் வடிவமைக்க உட்கார்ந்ததுமே வந்த கேள்வி, மண்டபத்து விதிகளை எங்கே எழுதுவது என்பதுதான். புரோகிராமில் இஃப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், டேபிளிலேயே கன்ஸ்ட்ரெயின்ட்டாக, அதாவது டேட்டாபேஸே காவல் காக்கும் விதியாகப் போடலாம், இரண்டுக்கும் நடுவே ட்ரிக்கர் என்று, டேபிளில் ஏதாவது மாறும்போது தானாக ஓடுகிற சின்ன புரோகிராம் ஒன்று இருக்கிறது. நான் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் கன்ஸ்ட்ரெயின்ட் பக்கம் போனவன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும்.

முதலில் மண்டபத்து முதலாளி அண்ணாச்சி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி வைத்துக்கொண்டேன். பார்ட்டி பேர் இல்லாமல் புக்கிங் கிடையாது. அட்வான்ஸ் வாடகையைத் தாண்டக் கூடாது. ஒரு ஹாலில் ஒரே நேரத்தில் ரெண்டு விசேஷம் கூடாது, ஆனால் ரத்தானதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். படம் வரைவதைவிட இப்படி வாக்கியமாக எழுதுவது எனக்குத் தோதாக இருக்கிறது, ஒவ்வொரு வாக்கியமும் எந்தக் கன்ஸ்ட்ரெயின்ட்டாக மாறும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

முதல் விதிக்கு ஃபாரின் கீயும் (பார்ட்டி டேபிளில் இருக்கிற ஆளாகத்தான் இருக்க வேண்டும்) நாட் நல்லும் (கட்டம் காலியாக இருக்கக் கூடாது) போதும். இரண்டாவதுக்கு ஒரு வரி செக், அதாவது வரிசைக்குள் இருக்கிற மதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் நிபந்தனை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: வாடகை இன்னும் பேசி முடியவில்லை என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், நல்லோடு (காலிக் கட்டத்தோடு) ஒப்பிட்ட விடை உண்மையும் இல்லை பொய்யும் இல்லை, செக் அதைத் தடுக்காமல் உள்ளே விட்டுவிடும். ஆகவே வாடகைக்கும் நாட் நல் வேண்டும்.

மூன்றாவது விதியில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. புரோகிராமில் எழுதினால், அந்த நேரத்தில் வேறு புக்கிங் இருக்கிறதா என்று முதலில் ஒரு செலக்ட் (தேடிப் பார்க்கும் கட்டளை), இல்லையென்றால் இன்சர்ட் (புதிதாகச் சேர்க்கும் கட்டளை). ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்கு மண்டபத்தில் மேனேஜரும், ஜங்ஷன் கடையில் இருந்து அண்ணாச்சி மகனும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துகிறார்கள் என்று வையுங்கள். இரண்டு செலக்டுக்கும் 'காலி' என்றுதான் பதில் வரும், இரண்டு இன்சர்ட்டும் உள்ளே போகும், இரண்டு வீட்டுக்காரர்களும் பத்திரிகை அடித்துவிடுவார்கள். போஸ்ட்கிரெஸில் இதற்கென்றே 9.0 பதிப்பில், அதாவது 2010-இல், எக்ஸ்க்ளூட் கன்ஸ்ட்ரெயின்ட் வந்துவிட்டது. ஹால் எண் சமமாகவும், நேர வீச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதாகவும் டேபிளில் இரண்டு வரிசை (ரெக்கார்டு) இருக்கக் கூடாது, ரத்தானவை நீங்கலாக. அவ்வளவையும் ஒரே அறிவிப்பில் சொல்லிவிடலாம். தொடக்கத்தையும் முடிவையும் ஒரே மதிப்பாக வைக்கிற வீச்சு வகைகள் 9.2-இல் வந்தபிறகு எழுதுவதும் சுலபம். ஹால் எண்ணையும் சேர்க்க பிட்ரீ ஜிஸ்ட் என்ற எக்ஸ்டென்ஷனை (போஸ்ட்கிரெஸோடு சேர்க்கும் கூடுதல் பகுதியை) ஏற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் மண்டபத்தில் வாடகை மதியம் 3 மணி முதல் மறுநாள் 3 மணி வரை. வீச்சின் தொடக்கம் சேர்த்தி, முடிவு சேராது என்று வைத்தால் ஒருவர் காலி செய்யும் 3 மணிக்கே அடுத்தவர் நுழைவதில் மோதல் வராது.

வேகம், சுத்தம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு முடிவைத் தீர்த்தது பராமரிப்புதான். டேட்டாவுக்குள் நுழைகிற வாசல் எண்ணிக்கை குறையவே குறையாது. இன்றைக்கு ஒரு வெப் ஃபார்ம், அடுத்த வருஷம் மொபைல் ஆப், அப்புறம் பழைய எக்ஸெல் புக்கிங்கை ஏற்ற ஒரு ஸ்கிரிப்ட், நடுவில் யாராவது டேட்டாபேஸிலேயே நேரடியாக அப்டேட் கட்டளை அடிப்பார்கள். விதி புரோகிராமில் இருந்தால் இந்த எல்லா வாசலிலும் அதைத் திரும்ப எழுத வேண்டும், மாற்றினால் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும், புதிதாக வருகிற பையனுக்கு அது எங்கே இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். டேபிளில் இருந்தால், டேபிளைத் திறந்து பார்த்தாலே விதி தெரியும். பழைய டேட்டா இருக்கிற டேபிளில் செக்கும் ஃபாரின் கீயும் பிறகு சேர்ப்பதானால் நாட் வேலிட் என்று போட்டு, புது வரிசைகளுக்கு மட்டும் அமலாக்கி, பழசைத் திருத்தியபின் சரிபார்க்கலாம். எக்ஸ்க்ளூடுக்கு அந்தச் சலுகை கிடையாது, மோதுகிற வரிசைகளை முன்பே களைந்தாக வேண்டும்.

புரோகிராம் பக்கத்துக்கும் நியாயம் உண்டு. "அண்ணாச்சி, அந்தத் தேதி கொடுத்தாச்சு" என்று மரியாதையாகச் சொல்ல அதற்குத்தான் வரும். டேட்டாபேஸ் 23பி01 என்று ஒரு பிழை எண்ணைத்தான் வீசும். அதனால் கன்ஸ்ட்ரெயின்ட்டுக்கு ஒழுங்காகப் பெயர் வைத்து, அந்தப் பெயரை வைத்து புரோகிராமில் தமிழ்ச் செய்தியாக மாற்றிக் காட்டுகிறேன்.

அண்ணாச்சி அப்புறம் இன்னொன்று கேட்டார்: அட்வான்ஸைப் பல ரசீதாக வாங்குவோம், எல்லாம் கூட்டினாலும் வாடகையைத் தாண்டக் கூடாது. இதற்கு செக் உதவாது, போஸ்ட்கிரெஸில் செக்குக்குள் சப்குவெரி, அதாவது மற்ற வரிசைகளைத் தேடும் உள் கேள்வி, எழுத முடியாது. டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லின் எஸ்கியூஎல்-92 தரத்தில் இதற்காகவே அசெர்ஷன் என்று, பல டேபிள்களைச் சேர்த்துப் பார்க்கும் விதி ஒன்றை எழுதி வைத்தார்கள், ஆனால் நாம் புழங்குகிற போஸ்ட்கிரெஸ், இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் இரண்டிலும் அது இல்லை. இங்கே ட்ரிக்கர்தான். அதிலும் கூட்டிப் பார்ப்பதற்கு முன் அந்த புக்கிங் வரிசையை ஃபார் அப்டேட் போட்டுப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு ரசீது ஒன்றாக விழும்போது பழைய கதைதான். ட்ரிக்கர் கண்ணில் படாத மூலையில் கிடப்பதால் எனக்கு அதில் பிரியம் குறைவு, இந்த ஒரு விதியோடு நிறுத்திக்கொண்டேன். விநாடிக்கு ஆயிரக்கணக்கில் பதிவு விழுகிற இடத்தில் நான் வேலை பார்த்ததில்லை, அங்கே கணக்கு வேறாக இருக்கலாம்.

மைஎஸ்கியூஎல்தான் வேண்டும் என்கிறவர்கள் பதிப்பைப் பாருங்கள்: 8.0.16-க்கு முன்பு செக்கை எழுதினால் பிழை காட்டாமல் வாங்கிக்கொண்டு, அமலாக்காமல் விட்டுவிடும். எக்ஸ்க்ளூட் அதில் கிடையாது. மண்டபம் நாள் கணக்கில் மட்டும் வாடகைக்குப் போனால் ஹால், தேதி இரண்டையும் சேர்த்து ஒரு யூனிக் (ஒரே ஜோடி இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி) போட்டாலே காரியம் முடிந்தது, ரத்தானவற்றை மட்டும் வேறு டேபிளுக்கு நகர்த்திவிட வேண்டும்.