திவோலி: 'இரண்டு வில்லாவும் அரை நாளில்' என்பவர்களிடம் உஷார்

ரோமின் டெர்மினி ரயில் நிலைய வாசலில் கழுத்தில் அட்டையோடு நிற்கும் தரகர்களிடம் ரோமுக்கு அருகிலுள்ள திவோலி ஊரின் இரண்டு வில்லாக்களை, அதாவது பழங்கால மாளிகை வளாகங்களை, சுற்றிப் பார்க்கப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். வேன், வழிகாட்டி, நுழைவுச்சீட்டு, வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே போகும் வசதி எல்லாம் சேர்த்துத்தான் கட்டணம் என்று எங்களிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள்.

ஹேட்ரியன் வில்லா வாசலில் இறங்கியதுமே டிக்கெட்டுக்குத் தனியாகக் கை நீட்டினார்கள். நுழைவுச்சீட்டு சேராது என்று ரசீதின் பின்பக்கத்தில் இத்தாலிய மொழியில், பொடி எழுத்தில் இருக்கிறதாம். வரிசையோ அங்கே இல்லவே இல்லை. இல்லாத வரிசைக்கும் வசூல்!

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஹேட்ரியன் எழுப்பிய அந்த வளாகம் சுமார் 120 ஹெக்டேர். 'வழிகாட்டி' எங்களை அதன் சிறிய மாதிரி வடிவம் வைத்திருக்கும் கட்டடத்துக்குள் அழைத்துப்போனார். பேனா முனையால் தொட்டுத் தொட்டு, "இது கனோப்பஸ், இது கடல் அரங்கு" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கிளம்பலாம்" என்றார். கனோப்பஸ் குளக்கரையின் தூண்களும் கல் முதலையும் சற்றுத் தள்ளித்தான் இருந்தன. எங்களுக்குப் பேனாமுனை தரிசனம்தான் வாய்த்தது. இத்தாலியில் வழிகாட்டிகளுக்கு உரிமம் கட்டாயம். அதைக் காட்டுங்கள் என்றதும், தான் ஓட்டுநரின் உதவியாள் என்று மழுப்பினார்.

ஆனால் வழியிலிருந்த நினைவுப்பொருள் கடையில் மட்டும் நேரத்துக்குப் பஞ்சமே இல்லை.

மலைமேல் வில்லா தெஸ்தே. கர்தினால் இப்பொலித்தோ தெஸ்தேவுக்காக 16ஆம் நூற்றாண்டில் பிர்ரோ லிகோரியோ வடிவமைத்த தோட்டம். ஹேட்ரியன் வில்லாவைத் தோண்டி ஆராய்ந்தவரும் இவரே. பம்பு ஏதுமின்றி, அனியேனே ஆற்று நீர் மேட்டிலிருந்து இறங்கும் வேகத்திலேயே ஊற்றுகள் பீறிடுகின்றன. நீரின் விசையால் இசைக்கும் ஆர்கன் ஊற்று குறித்த நேரங்களில் மட்டுமே ஒலிக்கும். நாங்கள் போனபோது அது அப்போதுதான் முடிந்திருந்தது. அடுத்த முறை வரை வேன் நிற்காதாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று ரசீதிலிருந்த முகவரிக்குப் போனால், அது பயணப்பெட்டிகளைப் பாதுகாக்கும் கடை. அங்கிருந்த பெண்ணுக்கு எங்களைப் போல வந்தவர்களைப் பார்த்துப் பழகிப்போயிருந்தது.

இதற்குத் தரகரே தேவையில்லை. ரோமின் திபுர்த்தினா நிலையத்திலிருந்து திவோலிக்கு ரயில் இருக்கிறது. மெட்ரோ பி தடத்தில் போந்தே மம்மோலோ இறங்கினால் பஸ்ஸும் கிடைக்கும். இரண்டு வில்லாக்களும் அடுத்தடுத்து இல்லை, இடையே சில கிலோமீட்டர் தூரம். முழு நாளை ஒதுக்குங்கள். திங்கட்கிழமை காலையில் வில்லா தெஸ்தே திறப்பதில்லை. எங்கே முன்பதிவு செய்தாலும் கார்டில் கட்டுங்கள், வங்கியிடமாவது முறையிடலாம். ரொக்கமாகத் தந்தால் தள்ளுபடி என்று அந்தத் தரகர் ஏன் அப்படி வற்புறுத்தினார் என்பது இப்போது புரிகிறது.