சிபாப் மெஷினா, தொண்டை ஆபரேஷனா?

ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் கோளாறு என்று ரிப்போர்ட் வந்ததும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இதுதான்: "ஆயுசு முழுக்க மாஸ்க் மாட்டிக்கிட்டா தூங்கறது? ஒரே தடவை ஆபரேஷன் பண்ணிட்டா முடிஞ்சுது." மாஸ்க் என்பது சிபாப் மெஷினுடையது. அது காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையை அடைக்காமல் வைத்திருக்கும். ஆபரேஷனோடு முடிய வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்பதைத் தொண்டையின் அமைப்புதான் தீர்மானிக்கிறது.

இரண்டு சிகிச்சைகளுக்கும் ஒரே வயதுதான். சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் சிபாப் முறையை வெளியிட்டதும், அமெரிக்காவில் டாக்டர் ஃபுஜிட்டா மென்அண்ணத்தையும் (வாயின் மேற்புறத்தின் பின்பகுதி) உள்நாக்கையும் ஓரளவு வெட்டித் தைக்கும் அறுவையை வெளியிட்டதும் 1981-ல்தான்.

முதலில் பணம். அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் நல்ல ஆட்டோ சிபாப் இங்கே சுமார் 30,000 முதல் 60,000 ரூபாய். அப்புறம் மாஸ்க், ஃபில்டர் என்று செலவு தொடரும். தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டும். மூக்கு, அடிநாக்கு அறுவையும் சேர்ந்தால் இன்னும் ஏறும். இருந்தும் பலர் ஆபரேஷன் பக்கம் சாய இன்சூரன்ஸ் ஒரு காரணம். அட்மிட் ஆகிச் செய்வதற்குப் பணம் கிடைக்க வழி உண்டு, வீட்டுக்கு வாங்கும் மெஷினுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. இதை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏனென்றால் ஆபரேஷனுக்குப் பிந்தைய இரண்டு வாரம் கடுமையானது. எச்சில் விழுங்கினாலே வலி காது வரை இழுக்கும். ஆறிய கஞ்சி, குழைத்த தயிர்சாதம்தான் சாப்பாடு. காரமும் சூடும் ஆகாது. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை புண்ணின் பொருக்கு உதிரும்போது ரத்தம் கசியலாம். கசிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடிக்கும் தண்ணீர் சில வாரம் மூக்கு வழியே வரலாம். தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போன்ற உணர்வு சிலருக்கு நீங்காமலே நின்றுவிடுவதும் உண்டு. மெஷினில் இந்த வேதனை இல்லை. மாஸ்க் அளவு சரியாக அமைந்து பழக சில வாரம் ஆகும், மூக்கு வறண்டால் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் உதவும். மாட்டாத இரவில் பலன் இல்லை என்பதுதான் அதன் பெரிய குறை.

இவ்வளவு வலிக்கும் பலன் என்ன? அமெரிக்கத் தொண்டை அறுவை மருத்துவர் ஃப்ரீட்மன் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், டான்சில் பெருத்து, நாக்கு தாழ்ந்து, தொண்டை நன்றாகத் தெரிந்தவர்களில் சுமார் 80 சதவீதத்தினருக்கு அறுவை பலன் தந்தது. டான்சில் சிறிதாகவும் நாக்கு உயர்ந்து தொண்டையை மறைத்தும் இருந்தவர்களில் வெறும் 8 சதவீதம். அடைப்பு அடிநாக்கில் இருக்கும்போது மேலே அண்ணத்தை வெட்டினால் வழி எப்படித் திறக்கும்?

அதனால் டான்சில் பெரிதாகவும் நாக்கு தாழ்ந்தும் இருப்பவர் ஆபரேஷனைத் தைரியமாக யோசிக்கலாம். மற்றவர்கள் முதலில் மெஷினை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மெஷின் ஒத்துவரவே இல்லையென்றால், மயக்கத்தில் தூங்கவைத்து எங்கே அடைக்கிறது என்று குழாய் கேமராவில் பார்த்த பிறகே கத்திக்குச் சம்மதியுங்கள். ஆபரேஷன் ஆனவர்கள் மூன்று மாதம் கழித்து ஸ்லீப் ஸ்டடியை (தூங்கும்போது மூச்சைப் பதிவு செய்யும் பரிசோதனை) திரும்பச் செய்வது கட்டாயம். குறட்டைச் சத்தம் நின்றபிறகும் மூச்சு நிற்பது தொடரலாம், பக்கத்தில் படுப்பவருக்குக்கூட அது தெரியாமல் போகலாம்.