“200 மி.மீ. பைப் போட்டா அடைக்கவே அடைக்காது”ன்னு சொன்னா நம்பாதீங்க. 1,42,000 ரூபாய் போச்சு

நாலு வீடு உள்ள கட்டடத்துக்குக் கழிவுநீர் லைன் மாத்துற வேலை. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஒரு ஆப் மூலமா வந்த காண்ட்ராக்டர். 1,42,000 ரூபாயை எண்ணி வாங்கிட்டுப் போனார். இப்போ கீழ்வீட்டு பாத்ரூம் தரையில தண்ணி இறங்குற நஹானி ட்ராப் வழியா மலத்தண்ணி பொங்கி வருது.

அவர் போட்ட தூண்டிலே பெரிய பைப்தான். “160 பத்தாது சார், 200 போட்டா ஜென்மத்துக்கும் அடைக்காது.” சுத்தப் பொய். தலைக்கு 135 லிட்டர்னு வச்சாலும் 20 பேருக்கு ஒரு நாளைக்கு 2,700 லிட்டர்தான். ஒரு ஃபிளஷ் இறங்கினா விநாடிக்கு 2 லிட்டர் போல வரும். 200 பைப்ல அது அடியில மெல்லிசாப் பரவும். தண்ணி முன்னால ஓடிடும், மலம் அங்கேயே தங்கிடும்.

அதைத் தள்ளிட்டுப் போக, பாதி பைப் ஓடும்போது விநாடிக்கு 0.75 மீட்டர் வேகமாவது வேணும். அதுக்கு வாட்டம், அதாவது பைப்புக்குச் சரிவு வேணும். 160 பைப்புக்கு 80-க்கு 1 (80 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம்) வச்சா 24 மீட்டர் லைனுக்கு 30 செ.மீ. இறக்கம். தெரு சேம்பர் (பைப்பைத் திறந்து பாக்குற மூடி போட்ட தொட்டி) ஆழத்துல அது தாராளமாக் கிடைக்குது. இவர் தோண்டவே இல்ல. டியூப் லெவல் (மட்டம் பாக்குற தண்ணி டியூப்) பிடிச்சா மொத்த இறக்கமே 6 செ.மீ., அதாவது 400-க்கு 1! நடுவுல ரெண்டு சேம்பருக்கு இடையில எதிர்வாட்டம் வேற. பெரிய பைப் கண்ணுக்குத் தெரியும், தோண்டாத பள்ளம் தெரியாது. கூலியை அதுலதான் அமுக்கியிருக்கார். கொடுமை என்னன்னா, இந்த 200 பைப் போய் முட்டுறது 150 மி.மீ. தெரு இணைப்புல. கழிவு போற திசையில பைப் சிறுக்கவே கூடாது.

மண் மூடுறதுக்கு முன்னாடி மேல் சேம்பர்ல ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி, கீழ வந்ததும் “பாத்தீங்களா, எப்படிப் போகுது!”ன்னார். அதை நம்பித்தான் கடைசித் தவணை கைமாறுச்சு. வெறும் தண்ணி எந்த வாட்டத்துலயும் போகும், அது சோதனையே இல்ல.

சேம்பர் 90×80 செ.மீ.ன்னு கொட்டேஷன்ல இருக்கு, கட்டினது 45×45. உள்ள குனிஞ்சு கம்பி விடக்கூட இடமில்ல. அடியில அரைவட்ட வாய்க்கால் இல்ல, ரெண்டு பக்கமும் சரிவாப் பூசல. வெறும் சமதளம். வெளியேறுற பைப் சேம்பர் தரையிலிருந்து நாலு விரக்கடை மேல இருக்கு. அந்தக் குழியில மலமும் சமையலறை எண்ணெயும் பாறை மாதிரி இறுகிக் கிடக்கு.

போன் பண்ணா “நாப்கின் போட்டிருப்பீங்க”. அடுத்த தடவை “மண் இறங்கியிருக்கும்”. அப்புறம் “மெஷின் அனுப்புறேன், 4,500 ஆகும்”. இப்போ எடுக்கிறதே இல்ல. ஆப்காரங்க “நாங்க அறிமுகம் மட்டும்தான் பண்றோம்”னு கைகழுவிட்டாங்க. 1,42,000 ரூபாய்க்கு இதுவா பதில்? மறுபடி தோண்டுற செலவு தனி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிவு பண்ணியாச்சு.

வேலை கொடுக்கப் போறவங்க இதை மட்டுமாவது செய்ங்க. ஒவ்வொரு சேம்பரோட அடிமட்டமும் எவ்வளவு ஆழத்துல வரும்னு கொட்டேஷன்ல எழுதி வாங்குங்க. மூடுறதுக்கு முன்னாடி ஒரு முனையில டார்ச், மறுமுனையில கண்ணாடி பிடிங்க. முழு வட்டமாத் தெரியணும், பிறை மாதிரி தெரிஞ்சா பைப் எங்கேயோ தொங்குது. டியூப் லெவலை நீங்களே பிடிங்க. எல்லா மூடியையும் திறந்து பாக்காம கடைசித் தவணையைக் கொடுக்காதீங்க.