முதல் டாங்கி: டி-34ஆ, டைகரா?

கும்பகோணத்தில் 1/35 அளவு டாங்கி மாதிரியை முதன்முறையாகக் கட்டத் தொடங்கும் நண்பர்களுக்கு, 1940இல் உற்பத்திக்கு வந்த சோவியத் டி-34ஐயே பரிந்துரைப்பேன். பக்கத்திற்கு ஐந்தே பெரிய சக்கரங்கள், சாய்வான எளிய தகடுகள், பெரும்பாலும் ஒரே பச்சை வண்ணம் என்பதால், ஐப்பசி அடைமழையின் ஈரக்காற்றில் பூச்சு உலரத் தாமதமானாலும் வேலை அதிகம் தேங்காது. 1942இல் களமிறங்கிய ஜெர்மனியின் டைகர், பீரங்கிக் குழலோடு 8.45 மீட்டர் நீளமுள்ள அசலுக்கேற்ப மேசையில் 24 சென்டிமீட்டருக்குக் கம்பீரமாக நிற்கும்; ஆனால் அதன் தொடக்க கால வகையில் பக்கத்திற்கு 24 சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருப்பதால், உள்வரிசைக்கு வண்ணமிட்ட பிறகே வெளிவரிசையை ஒட்ட வேண்டும். டி-34இன் சக்கரங்களுக்கிடையே தூரிகை தாராளமாக நுழையும். சலித்த காவிரி வண்டலைப் பசைநீரில் குழைத்து அங்கே தடவினால், நடவுக்கு உழுது கரையேறிய டிராக்டரின் சேறு போலவே அது படிகிறது.