பழைய பெயரை நம்பி மவுண்டன் பைக் வாங்குவோர் கவனத்திற்கு

மவுண்டன் பைக் தோன்றிய காலத்திலிருந்தே பேர்போன ஒரு நிறுவனத்தின் வண்டியை, அந்தப் பெயருக்காகவே இணையத்தில் பணம் கட்டி வாங்கி ஏமாந்திருக்கிறேன். பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

விற்பனைப் பக்கம் முழுவதும் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்ட்டி மலைகளின் கதைதான். அந்தக் கதை உண்மையானது. ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, ஏறத்தாழ 2 மைலில் 1,300 அடி இறங்கும் மண்சாலையில் 1976-இல் பந்தயம் தொடங்கியபோது, பழைய வண்டிகளின் பின் ஹப்பில், அதாவது பின்சக்கரத்தின் நடுக்குடத்தில், இருந்த பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான் அந்தச் சரிவுக்கு ரீபேக், அதாவது மீண்டும் அடைத்தல், என்ற பெயரே வந்தது. இப்படிப்பட்ட சரிவுகளைத் தாங்குவதற்கென்றே அங்கே பந்தயம் ஓட்டியவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-இல் புதிய ஃபிரேம் செய்தார்.

அதே சரிவில், வாங்கிய மூன்றாவது வாரம், என் வண்டியின் பின்சக்கரம் ஆடத் தொடங்கியது. பழுதுபார்ப்பவர் சக்கரத்தின் அச்சுத்தண்டான ஆக்சிலைக் கழற்றி மேசைமேல் உருட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் அதன் நடுப்பகுதி எழும்பி எழும்பித் தாழ்ந்தது. பற்சக்கரத் தொகுதியை ஹப்பின் மேல் திருகிப் பொருத்தும் மலிவான ஃப்ரீவீல் முறையில் வலப்புறப் பேரிங் உள்ளே தள்ளி அமைவதால், ஆக்சிலின் நீண்ட பகுதி தாங்கலின்றி நிற்கிறது. குதித்து இறங்கும்போது அது வளைந்துவிடுகிறது. பற்சக்கரங்களைத் தாங்கும் சுழல்பகுதி ஹப்போடு சேர்ந்தே அமைந்த ஃப்ரீஹப் முறையில் பேரிங் வெளி ஓரத்திலேயே இருப்பதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.

வாரண்டி கேட்டேன், மறுத்துவிட்டார்கள். காரணம், ஃபிரேமின் அடியில், நான் கவனிக்கத் தவறிய சிறு ஸ்டிக்கரில் 2 என்ற எண் இருந்தது. எந்த வண்டி எந்தப் பாதைக்கு உரியது என்று எண்ணிட்டு வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் தரநிலையின்படி, சக்கரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் குதித்திறங்காத மிதமான பாதைகளுக்கு மட்டுமே உரிய வண்டி அது. விற்பனைப் பக்கத்தில் அந்த எண் எங்குமே இல்லை. மலைச்சரிவில் பாய்ந்து இறங்குபவரின் படம் மட்டும் இருந்தது. எனக்கு ஆறாதது இதுதான்.

நிறுவனம் கைமாறியதையோ, வண்டி வெளிநாட்டில் தயாரானதையோ நான் குறை சொல்லவில்லை. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த ஸ்டம்ப்ஜம்பர் என்ற மவுண்டன் பைக் ஜப்பானில்தான் தயாரானது. மவுண்டன் பைக் முன்னோடிகளில் ஒருவரான கேரி ஃபிஷரின் பெயர் தாங்கிய நிறுவனத்தை ட்ரெக் என்ற சைக்கிள் நிறுவனம் 1993-இல் வாங்கியது. அதன் பிறகுதான் அந்தப் பெயரில் 29 அங்குலச் சக்கர வண்டிகள் வந்து மலைப்பாதைகளில் நிலைபெற்றன. மலைக்கென்று செய்யாத வண்டியில் மலையின் பெயரை ஒட்டி விற்பதைத்தான் வேரை மறந்த செயல் என்கிறேன்.

பணம் கட்டுமுன் அந்த ஸ்டிக்கரில் உள்ள எண் எது, பின் ஹப் ஃப்ரீவீலா ஃப்ரீஹப்பா என்ற இரண்டையும் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கரடுமுரடான மலைப்பாதைக்கு அந்த எண் குறைந்தது 3 ஆக இருக்க வேண்டும்.