ட்ரெய்லரில் இரண்டு டிவி, ஒரு டிஷ்: எந்த இணைப்பு உருப்படும்?

காரின் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் ட்ரெய்லர் வண்டியில் ஒரு டிவி மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம். டிஷ்ஷிலிருந்து ஒரு கேபிள் நேராக ரிசீவருக்கு, அதாவது செட்-டாப் பாக்ஸுக்குப் போகும், அவ்வளவுதான். படுக்கைப் பக்கமும் ஒரு ரிசீவர் வேண்டும் என்று கிளம்பும்போதுதான் தலைவலி.

பலரும் முதலில் வாங்குவது, ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் சாதாரண ஸ்ப்ளிட்டர். மலிவுதான், ஆனால் தண்டம். கேபிளில் சிக்னல் இறங்கி வருவதோடு, ரிசீவரின் கட்டளையும் மேலே போகிறது. டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவிதான் எல்என்பி. யுனிவர்சல் வகை எல்என்பிக்கு 13 வோல்ட் போனால் செங்குத்து அலைகளைப் பிடிக்கும், 18 வோல்ட் போனால் கிடைமட்ட அலைகளை. 22 கிலோஹெர்ட்ஸ் டோன் சேர்ந்தால் மேல் பேண்டுக்கு, அதாவது உயர்ந்த அலைவரிசைகளுக்கு மாறும். இரண்டு ரிசீவர்களும் ஒரே கேபிளில் ஆளுக்கொரு வோல்டேஜ் அனுப்பினால் பெரியதுதான் ஜெயிக்கும். உள்ளே ஒருவர் சேனல் மாற்றுவார். முன்னறையில் மேட்ச் பார்ப்பவருக்கு 'சிக்னல் இல்லை' என்று வந்து நிற்கும். ஒரு முனையில் மட்டும் வோல்டேஜ் கடத்தும் ஸ்ப்ளிட்டர் போட்டால் சண்டை ஓயும். ஆனால் இரண்டாவது ரிசீவருக்கு, முதலாவது அந்த நேரத்தில் எந்த அலையில், எந்த பேண்டில் இருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சேனல்கள் மட்டும்தான்.

ட்வின் எல்என்பியில் இந்தத் தொல்லை கிடையாது. இரண்டு வெளியீடு, இரண்டு கேபிள், ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடாது. எந்த ரிசீவரும் ஒத்துப்போகும், பழுதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். குறை ஒன்றுதான்: பல ட்ரெய்லர்களில் சுவருக்குள் ஒரே கேபிள்தான் ஓடும். இரண்டாவதை இழுக்கச் சாமான் அறைக் கதவு வழியே இடம் தேட வேண்டும். ஜன்னல் இடுக்கில் நுழைக்கும் தட்டைக் கேபிளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்; சிக்னலைத் தின்னும், சீக்கிரம் நசுங்கும்.

சுவரைத் தொடவே கூடாது என்றால் யூனிகேபிள். ஒவ்வொரு ரிசீவருக்கும் தனி அலைவரிசை ஒதுக்கி, எல்லாவற்றையும் ஒரே கேபிளில் அனுப்பும். ரிசீவர், எல்என்பி, இடையில் வைக்கும் ஸ்ப்ளிட்டர் மூன்றும் அதற்கென்றே இருக்க வேண்டும். இரண்டு ரிசீவருக்கும் ஒரே அலைவரிசையைக் கொடுத்துவிட்டால் பழைய சண்டைதான்.

இன்னொரு வழி, ஒரே ரிசீவரோடு எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர். இரண்டு திரையிலும் ஒரே சேனல்தான் ஓடும். ஆனால் பேட்டரியில் ஓடும் ட்ரெய்லரில் ஒரு பெட்டியின் மின்சாரம் மிச்சம். ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிற குடும்பத்துக்கு இதுவே போதும் என்பேன். ஆளுக்கொரு சேனல் கட்டாயம் என்றால் ட்வின் எல்என்பிதான் என் ஓட்டு.

டிஷ் விஷயம் சுருக்கமாக. கூரையில் பொருத்தும் தானியங்கி டோம் (மூடிக்குள் இருக்கும் டிஷ்) தானே செயற்கைக்கோளைத் தேடிக்கொள்ளும். ஆனால் மரத்தடியில் வண்டியை நிறுத்தினால் அதுவும் மரத்தடியில்தான். முக்காலி டிஷ்ஷைக் கேபிள் நீளம் உள்ளவரை வெட்டவெளிக்குத் தூக்கிப் போகலாம். இரண்டு வெளியீடுள்ள டோமும் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோளைத்தான் பார்க்கும்.

எதை வாங்கினாலும் முதலில் சுவர் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். அதன் பின்னால் சாதாரண ஆன்டெனாவுக்கான பூஸ்டர் இருந்தால், டிஷ் கேபிளை அதன் வழியே விடாதீர்கள். எல்என்பி அனுப்புவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. பூஸ்டர் அதற்குக் கீழே உள்ளதற்காகச் செய்தது. ரிசீவரின் வோல்டேஜும் அதைத் தாண்டி மேலே போகாது. உள்ளே இருப்பது சிக்னலை அதிகம் இழக்கும் பழைய ஆர்ஜி59 வகைக் கேபிள் என்றால், கையோடு ஆர்ஜி6 ஆக மாற்றிவிடுங்கள்.